வெள்ளவத்தைக் கதவும் என் மதியச் சாப்பாடும்

1

இங்கே நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம், கொழும்பில் விளக்கு வைக்கிற நேரம். லண்டனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்தது ஒரு பூட்டால்.

எனக்கு வேலை ஓர் ஆஸ்பத்திரியின் களஞ்சியத்தில். கையுறை, பஞ்சு, ஊசி, கட்டுத்துணி என்று லொறியில் வந்து இறங்குவதைப் பிரித்து வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் ஓய்வு. மனைவி மாலினி கட்டித்தந்த சோற்றைச் சூடாக்கிக்கொண்டு வந்து, நெத்தலிப் பொரியலின் மணம் அடுத்த மேசைக்குப் போகாதபடி மூடியைப் பாதி திறந்து வைத்து, முதல் கவளத்தை எடுத்தேன். கைபேசி அதிர்ந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: உங்கள் வாசல் கதவு திறந்தபடி இருக்கிறது.

பக்கத்தில் இருந்த போலந்துக்காரன் மாரெக் அதை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனான். உடனே பொலிஸுக்குப் போன் அடி என்றான்.

"கள்ளன் இல்லை. கொழும்பில் என் அக்கா விளக்கு வைக்கிறார்" என்றேன்.

விளக்குக்கும் கதவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டான். சொல்லிப் பார்த்தேன். பொழுதுபடும் நேரத்தில் இலட்சுமி வீட்டுக்கு வருவாள், அவள் வரும்போது கதவு சாத்தியிருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் சொன்னபோது அது ஏதோ வாடகைக்கு அறை பார்க்க வரும் பெண்ணின் கதைபோல இருந்தது. வரி கட்டவும் வாகனம் ஓட்டவும் போதுமான ஆங்கிலம் எனக்கு வந்திருக்கிறது. இலட்சுமியை உள்ளே கூப்பிடுமளவுக்கு வரவில்லை.

போன கிழமை அந்தக் கொழும்பு வீட்டின் காப்புறுதியைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. அதைப் பார்த்ததும்தான் இதையெல்லாம் எழுதவேண்டும் என்று தோன்றியது. ஊரில் தனியாக இருப்பவர்களுக்கு இங்கிருந்து பூட்டு வாங்கி அனுப்பும் பிள்ளைகளும் தம்பிமாரும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாசித்தால் நல்லது. பூட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் வாசித்தால் இன்னும் நல்லது.

2

சரோ அக்கா எனக்கு மூத்தவர். கணித ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர். அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில்பாதைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் தனியே இருக்கிறார். உறுதிப் பத்திரத்தில் வீடு என் பெயரில் இருக்கிறது. மற்ற எல்லா வகையிலும் அது அவருடைய வீடு.

அந்தக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஒரு குடும்பம் பம்பலப்பிட்டியில் கலியாணத்துக்குப் போன பகல்பொழுதில் கள்ளன் புகுந்து நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தொடர்மாடிக் கொமிட்டி கூடி, இனி ஒவ்வொரு வீட்டுக்கும் களவுக் காப்புறுதி இருக்கவேண்டும் என்று முடிவு செய்தது. கம்பனியின் நிபந்தனைகள் வீட்டுச் சொந்தக்காரன் என்ற முறையில் எனக்கு வந்தன. பக்கம் பக்கமாக இருந்தாலும் விளங்கியது மூன்றுதான். வாசல் கதவுக்கு, திறப்பதையும் பூட்டுவதையும் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பூட்டு வேண்டும். திறப்பை, அதாவது சாவியை, வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. கதவைத் திறந்தபடி விடக் கூடாது.

எனக்கு இது புதிதல்ல. லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பூட்டு முன்பே வந்திருந்தது. அப்போது இந்த ஊர்க் காப்புறுதிப் பெண் தொலைபேசியில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். உங்கள் கதவு பூட்டப்படாமல் இருக்கும் நேரம் உண்டா? உண்மை பேசவேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான். வெள்ளிக்கிழமை பொழுதுபட ஒரு ஐந்து நிமிடம், இலட்சுமிக்காக, என்று சொல்லிவிட்டேன். திருமதி இலட்சுமி உங்களோடு வசிக்கிறாரா, அவரிடம் திறப்பு இருக்கிறதா என்று அவள் கேட்டாள். மாலினி பின்னாலிருந்து என் முதுகில் குத்தினாள். அதோடு எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிடமும் நின்றுபோயிற்று.

அந்தப் பூட்டைப் பொருத்தியது மகன் நிரோ. லீட்ஸில் கணினி வேலை. அவன் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. தொலைபேசியில் கூப்பிடுவது அதைவிடக் குறைவு. நாங்கள் கூப்பிட்டால் "ம்", "ஓகே", "பிறகு கதைக்கிறன்" என்ற மூன்று சொற்களோடு முடித்துவிடுவான். ஆனால் பூட்டு என்றதும் உற்சாகமாகிவிட்டான். கொழும்புப் பூட்டையும் எங்கள் பூட்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, என் கைபேசியில் இரண்டு கதவுகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி செய்து தந்தான்.

கொள்ளுப்பிட்டிக் கடையிலிருந்து பூட்டுப் பொருத்த வந்தவர் சிங்களவர். நாங்கள் மூன்று பேரும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா அவரிடம் "மல்லி, தே பொனவாத?" என்று, தம்பி, தேநீர் குடிக்கிறீரா என்று சிங்களத்தில் கேட்டுக் கொடுத்து, கதவில் துளை போடும்போது கீழே பழைய பேப்பர் விரித்து, தூள் விழாமல் பார்த்துக்கொண்டார். விரல் வைத்தால் திறக்கும் பூட்டு அது. அக்காவின் விரலை மட்டும் அது ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"ஆயுள் முழுக்கச் சோக்கட்டி பிடிச்ச கை. ரேகை எல்லாம் கரும்பலகையோட போட்டுது" என்றார் அக்கா.

கடைசியில் இலக்கம் அழுத்தித் திறப்பது என்று தீர்மானமானது. வேலை முடிந்து அந்த மல்லி போன பிறகு அக்கா கமராவுக்குக் கிட்ட வந்து கேட்டார்.

"அப்ப நான் வெளிய போறது, வாறது எல்லாம் உனக்குத் தெரியும்?"

"ஓம் அக்கா. உங்கட பாதுகாப்புக்குத்தானே."

"அந்த நாளையில வீட்டில ஆர் ஆர் நிக்கினம் எண்டு பொலிசில பதிஞ்சு வச்சம். இப்ப தம்பியிட்டப் பதியிறன்."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். நிரோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மொழிபெயர்த்துச் சொல்ல நான் முயலவில்லை.

3

நாங்கள் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. வரிசை வீடுகளில் ஒன்று. கதவுக்கு முன்னால் இரண்டு அடி சீமெந்து, அதற்கு முன்னால் ஒழுங்கை, அதோடு ஊர் முழுக்க. பகலில் கதவு சாத்தப்பட்டதாக நினைவில்லை; ஒரு திரைச்சீலை தொங்கும். பள்ளிக்கூட விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும்போது மட்டும் ஒரு பித்தளைப் பூட்டு வெளியே வரும். அதன் திறப்பைத் தேடுவதில் ஒவ்வொரு தடவையும் ரயிலைத் தவறவிடப் பார்ப்போம்.

பொழுதுபட அக்காதான் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். சுவாமித் தட்டில் விளக்கைக் கொளுத்திவிட்டுத் திரையைத் தூக்கிக் கதவின்மேல் போடுவார். இலட்சுமி வந்தாளா என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. தேவாலயத்துக்குப் போகும் அயல்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். எனக்குக் கணக்குச் சொல்லித்தருவதாகச் சொல்லிக்கொண்டு அக்காவைப் பார்க்க ஒரு வாத்தியார் வந்தார். அவரே பிறகு அத்தான் ஆனார். ஆகவே இலட்சுமி வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

பிறகு யுத்தத்தால் கதவுகள் சாத்தப்பட்ட வருடங்கள் வந்தன. அப்போது நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறிவிட்டோம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, பொலிஸில் பதிந்த பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலம். வாசல் மணி அடித்தால், செக்கிங்குக்கு வரும் ஆமியோ என்று வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். நான் அந்த மணிக்குப் பயந்துதான் விமானம் ஏறினேன். அக்காவும் அத்தானும் ஏறவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்றார் அக்கா. அவருடைய பிள்ளைகள் என்று அவர் சொன்னது வகுப்பில் இருந்தவர்களை.

4

கைபேசி அதிர்வது எனக்குப் பழகிப்போயிற்று. சொல்லப்போனால் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். கொழும்பு நேரம் காலையில் கதவு ஒரு தரம் திறந்தால் மரக்கறி வாங்க இறங்குகிறார். பத்து மணிபோல என்றால் வங்கி. மதியம் நான் சாப்பிடும்போது நீண்ட நேரம் திறந்திருந்தால் விளக்கு. வெளிநாட்டுக்கு வந்த பிறகு அக்காவோடு இவ்வளவு நெருக்கமாக நான் இருந்ததில்லை. அவரோடு ஒரு வார்த்தை பேசாமலே அப்படி இருந்தேன். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவேன். பூட்டு வந்த பிறகு சில ஞாயிறுகளில் அது தேவைப்படவில்லை. நல்லாத்தான் இருக்கிறார், காலையிலும் வெளியே போய்வந்தாரே என்று மாலினியிடம் சொல்வேன்.

வருடம் முடிந்ததும் கம்பனிப் பொடியன் ஒருவன் வீட்டைப் பார்க்க வந்தான். கொட்டாஞ்சேனைப் பொடியன், நல்ல மரியாதை என்று அக்கா சொன்னார். பூட்டில் பதிந்திருந்ததை எல்லாம் தன் மடிக்கணினியில் இறக்கிப் பார்த்திருக்கிறான். நாள்தோறும் பொழுதுபட, அரைமணி நேரத்துக்கு மேல் கதவு திறந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் களவு போனால் கம்பனி பொறுப்பெடுக்காது, இப்படியே போனால் காப்புறுதியைப் புதுப்பிப்பதும் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அன்று நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஒரு அஞ்சு நிமிசம் திறந்துபோட்டுச் சாத்தினாக் காணாதே?"

"அது அஞ்சு நிமிச அலுவல் இல்லை, தம்பி."

"இலட்சுமி வாறதுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"நீ பகிடி விடாத. நான் கதவுக்குப் பக்கத்திலதான் இருக்கிறன். கள்ளன் என்னைத் தாண்டிப் போகேலாது."

"கள்ளன் உங்களைத் தாண்டித்தான் போவான். உங்களைத் தள்ளிவிழுத்திப்போட்டுப் போவான். காப்புறுதி இல்லையெண்டாக் கொமிட்டி விடாது. நான் இஞ்சயிருந்து என்ன செய்யிறது? பேசாமல் பிளட்டை வித்துப்போட்டு எங்களோட வந்து இருங்கோ."

அக்காவின் ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டது.

"நான் இஞ்சதான் இருப்பன்" என்றார். பிறகு சோறு அடுப்பில் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

அவர் பிடிவாதக்காரி. நான் அவரின் தம்பி. மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில், பருப்புக்கறி பட்ட விரலைத் துடைத்துவிட்டு, கைபேசியில் இரண்டு இடத்தில் தட்டினேன். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். மூன்று நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் சைரன் அடிக்கும். இரண்டுக்கும் பக்கத்தில் பச்சை நிறம் வந்தது. எனக்கு ஒரு நிறைவு ஏற்பட்டதை மறைக்கமாட்டேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கதவை ஒழுங்கு செய்துவிட்டேன்.

அன்று பொழுதுபட அந்தச் சைரன் அடித்தது. மூன்றாம் மாடி முழுக்க ஓடிவந்ததாம். எப்படி நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கதவைச் சாத்தியதும்தான் நின்றது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஏசவும் இல்லை. அடுத்த நாள் மதியம் என் கைபேசி அதிரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

5

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டோம். கதைக்கமாட்டோம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் ஒரு மாரிக்காலம் முழுக்கக் கதைக்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு ஒருவர் மற்றவருக்குப் பாயைத் தட்டிப்போடுவார், ஆனால் பேச்சில்லை. அந்த இரத்தம்தான்.

"எடுத்து ஒரு வார்த்தை கதையுங்கோவன்" என்றாள் மாலினி.

"அவ எடுக்கட்டும். நான் அவவின்ர நன்மைக்குத்தானே செய்தனான்."

அறிவித்தல்களையும் நிறுத்திவிட்டேன். சின்னச் சின்னத் திறப்புக்கெல்லாம் அதிர்ந்தால் எரிச்சலாக இருந்தது. எப்போதாவது கையைத் துடைத்துவிட்டுத் திரையைத் திறந்து பார்ப்பேன். வெள்ளவத்தைக் கதவுக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம் இருக்கும். பூட்டப்பட்டுள்ளது, வீடு பாதுகாப்பாக உள்ளது என்று எழுதியிருக்கும். சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். அந்த நாள்களில் சாப்பாடு ஏன் இறங்கவில்லை என்று கேட்டால் குளிர் என்று சொல்லியிருப்பேன்.

6

ஒரு வேலைநாள் காலை, பெட்டிகளுக்கு நடுவே நிற்கும்போது நிரோ கூப்பிட்டான். வேலைநாளில் அவன் கூப்பிடுவதே இல்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அப்பா, மாமியிட கதவு... மாமி எங்கயும் போயிருக்கா?"

"ஏன்?"

"முந்தநாள்ல இருந்து அது திறக்கேல்ல. ஒருக்காலும் திறக்கேல்ல. மாமி ஒவ்வொரு நாளும் காலமை கீழ போறவ எல்லோ? போன் அடிச்சனான், அது ஓஃப்."

அவன் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது எப்போது என்று நினைவில்லை. அதை யோசிக்க அப்போது நேரமில்லை. அக்காவின் எண்ணை அடித்தேன், அணைத்திருந்தது. எதிர் வீட்டுப் பரீதாவின் எண்ணைத் தேடி எடுத்தேன். அவரது கணவர் பெற்றா பஜாரில் கடை வைத்திருக்கிறார். அக்காவோடு நல்ல பழக்கம் என்று தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

"பரீதா தங்கச்சி, நான் சரோ டீச்சரின்ர தம்பி, லண்டனில இருந்து. அக்காவைக் கண்டனீங்களா?"

"இல்லியே அண்ணா. டீச்சர்ட கதவு பூட்டித்தான் ஈக்குது. கல்கிசையில சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சம்."

"பெல் அடிச்சுப் பாத்தனீங்களா?"

பரீதா குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மாடியில யாரும் பெல் அடிக்கிறதில்ல அண்ணா. பழைய ஆக்களுக்கு அந்தச் சத்தம் புடிக்காது. செக்கிங் காலத்துல இருந்தே அப்படித்தானாம். நாங்க வந்த புதுசுல எங்களுக்கும் செல்லித் தந்தாங்க. கதவு தொறந்து ஈந்தாப் போவோம், உக்காந்து பேசுவோம். பூட்டி ஈந்தா, அவங்க வேலையா ஈக்காங்கன்னு உட்டுடுவம்."

பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா கதவைத் திறப்பது இலட்சுமிக்கு மட்டுமல்ல. அந்த மாடியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான் அழைப்பு. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: பரீதா வருவார். மேல்மாடியில் தனியே இருக்கும் பழைய தபால் உத்தியோகத்தர் வருவார். வேலை முடிந்த காவலாளி வாசலில் நின்று தேநீர் குடித்துவிட்டுப் போவார். அந்த அரைமணி நேரத்தில்தான் அக்காவை உலகம் பார்க்கிறது. அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு உலகம். நான் ஒரு விரலால் அதைச் சாத்திவிட்டு, நிறைவாகச் சோறு தின்றிருக்கிறேன்.

"தங்கச்சி, கதவுக்குக் கிட்டப் போங்கோ. நான் இஞ்ச இருந்து திறக்கிறன். போனை வைக்காதேங்கோ."

தட்டினேன். ஒரு சின்னச் சுற்று சுழன்றது. கொழும்பில் பூட்டு விலகும் சத்தம் என் காதில் விழுந்தது. பரீதாவின் காலடி. "டீச்சர்... டீச்சர்..." பிறகு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் நான் யார் யாரைக் கும்பிட்டேன் என்று சொல்ல முடியாது. இலட்சுமி, கொட்டாஞ்சேனைத் தேவாலயத்து மாதா, எல்லாரையும் கும்பிட்டேன்.

"உசிர் ஈக்கி அண்ணா. மேல் நெருப்பாக் கொதிக்கிது. கட்டில்ல ஈந்து எழும்ப முடியல்ல. இவர்ட வேன எடுக்கச் செல்றன்."

திறந்தது திறந்தபடி கிடந்த கதவில் சைரன் அடிக்கத் தொடங்கியது. நான் அவசர அவசரமாக அதை அணைத்தேன். அதன் பிறகு அதை ஒருபோதும் போடவில்லை.

7

டெங்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னாராம். நான் விமானச் சீட்டு எடுத்தேன். ஆனால் நான் போய்ச் சேருமுன்பே பரீதாவும் கணவரும், அந்தத் தபால் உத்தியோகத்தரும், காவலாளியின் மனைவியும் முறை போட்டு ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டார்கள். நான் வார்டுக்குள் நுழைந்தபோது அக்காவுக்குப் பப்பாசியிலைச் சாறு பருக்குவதா வேண்டாமா என்று மூன்று பேர் அவர் கட்டிலைச் சுற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நித்திரைபோலக் கிடந்தார். அவருக்கு அந்தச் சாறு பிடிக்காது.

அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"காய்ச்சல் எண்டு எனக்கு ஒருக்கா எடுத்திருக்கலாமே அக்கா?"

"எடுத்தா நீ என்ன சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும். பிளட்டை வித்துப்போட்டு வா எண்டுவாய். சாதாரணக் காய்ச்சல், கொத்தமல்லி குடிச்சா விட்டிடும் எண்டு பாத்தன். பிறகு போனுக்குச் சார்ஜ் போட எழும்பேலாமப் போச்சு."

சாகக் கிடந்தபோதும் அவர் பயந்தது காய்ச்சலுக்கு அல்ல, எனக்கு. வார்டுச் சுவரைப் பார்த்தபடி அழுதேன். அறுபது வயதை எட்டுகிற ஆண் ஆஸ்பத்திரியில் அழுதால் நோயாளிகள் தங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். அக்கா துவாயை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு கம்பனிப் பொடியனைக் கூப்பிட்டு, கதவு திறந்துதான் இருக்கும், என்ன செய்யலாம் என்று கேட்டேன். களவுப் பகுதியை எடுத்துவிட்டு நெருப்புக்கும் தண்ணீருக்கும் மட்டும் காப்புறுதி வைத்திருக்கலாம் என்றான். கொமிட்டி முணுமுணுத்தது. பரீதாவின் கணவர் கூட்டத்தில் எழும்பி, டீச்சரின் வீட்டில் களவெடுக்க வருபவன் எங்கள் எல்லாரையும் தாண்டித்தான் வரவேண்டும் என்று சொன்னாராம். பூட்டு இன்னும் இருக்கிறது. அதன் இலக்கம் மூன்றாம் மாடி முழுவதற்கும் தெரியும்.

8

நான் திரும்புவதற்கு முதல்நாள் பொழுதுபட்டது. அக்கா இன்னும் மெலிவாகத்தான் இருந்தார். விளக்கைக் கொளுத்திவிட்டுக் கதவைத் திறந்து, அதற்கு நேரே கதிரையில் இருந்தார். நான் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். பிடிவாதத்தால் அல்ல, பயத்தால்.

"எங்களோட வந்து கொஞ்ச நாள் இருங்கோவன். அங்க நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

"நான் ரெண்டு நாள் கதவு திறக்கேல்ல எண்டோடன நீ தேடினாய்."

"நிரோதான் தேடினவன்."

"ஆரோ தேடினீங்கள். நீ ரெண்டு நாள் கதவு திறக்காட்டி, அங்க ஆர் தேடுவினம்?"

மாலினி இருக்கிறாள் என்று சொல்லலாம். மாலினியும் நானும் ஒன்றாகவே வயதாகிக்கொண்டிருக்கிறோம். ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. மறுபக்கத்தில் இருப்பவர்கள் நத்தார் பண்டிகைக்கு ஒரு அட்டை போடுவார்கள். அதில் உங்கள் அயலவர் என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்குள் பரீதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டதால் நான் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

விமான நிலையத்துக்கு நிரோ வந்திருந்தான். லீட்ஸிலிருந்து வாகனம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வழியில், மாமியின் கதவை அவன் ஏன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டேன்.

"சும்மா. மாமி நல்லா இருக்கிறா எண்டு பாக்கிறது. உங்கட கதவும் அதிலதானே இருக்கு. அதையும் பாக்கிறனான். நீங்கள் வேலைக்குப் போவீங்கள், வருவீங்கள். அம்மா சனிக்கிழமை கடைக்குப் போவா. எல்லாம் ஓகே எண்டு தெரியும்."

அவன் தெருவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் அவன் எங்களை மறந்துவிட்டான் என்று மாலினியும் நானும் முணுமுணுத்திருக்கிறோம். அவன் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எங்களைப் பார்த்திருக்கிறான். கதவு திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, அக்காவைப் பற்றி நான் இருந்ததுபோலவே, நல்லாத்தான் இருக்கிறார்கள் என்று இருந்திருக்கிறான். எனக்கு ஒரே நேரத்தில் மகிழ்ச்சியாகவும் துக்கமாகவும் இருந்தது.

"கதவைப் பாக்கிறது நல்லதுதான், மகன். அதோட இடைக்கிடை ஒருக்கா எடு."

"எடுத்து என்ன கதைக்கிறது அப்பா?" உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"சாப்பிட்டீங்களா எண்டு கேள். அது காணும்."

அடுத்த கிழமை புதன்கிழமை இரவு அவன் எடுத்தான். நானும் மாலினியும் சாப்பிட்டு முடித்து, கோப்பைகளைக்கூடக் கழுவி வைத்துவிட்டோம்.

"சாப்பிட்டீங்களா அப்பா?"

சாப்பிட்டேன் என்றால் கதை அதோடு முடிந்துவிடும்.

"இன்னும் இல்லை" என்றேன்.